'இங்க இருக்கான்' என்றால் எங்கே? வாலரண்ட் போன்ற ஷூட்டர் கேம்களில் அணியுடன் பேசுவது எப்படி

ஸ்கோர் 11-11. மேப் பைண்ட். எதிரணி ஏ சைட்டுக்கு வருமா, பி சைட்டுக்கு வருமா என்று தெரியாமல் உங்கள் அணி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. திடீரென்று ஹெட்செட்டில் ஒரு குரல்: "ப்ரோ, இங்க, இங்க இருக்கான்... செம லோ அவன்... ச்சே, போச்சு!"

சொன்னவர் செத்துவிட்டார். மிச்சம் இருக்கும் நான்கு பேருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: யாரோ, எங்கேயோ இருக்கிறார்.

அதே நேரத்தில் இப்படியும் சொல்லியிருக்கலாம்: "ஹுக்கா ரெண்டு. ஜெட் 80." நாலே சொல். ஆனால் எங்கே, எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அடி என்ற மூன்று தகவலும் போய்ச் சேர்ந்துவிடும்.

ரேங்க் ஏறாமல் தவிப்பவர்களில் பலர் குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு மணிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். பேசுவதற்கு யாரும் பயிற்சி எடுப்பதில்லை. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் பேச்சும் ஓர் ஆயுதம்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது? கேள்வி பதிலாகப் பார்ப்போம்.

இந்த வகை கேமில் பேச்சு ஏன் இவ்வளவு முக்கியம்?

ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் 2-ம் தேதி வெளியிட்ட வாலரண்ட், ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் மோதும் ஆட்டம். முதலில் 13 ரவுண்டு ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. 12-12 என்று சமனானால் ஓவர்டைம். தாக்கும் அணி 'ஸ்பைக்' என்ற வெடிகுண்டை சைட்டில் வைக்க வேண்டும். தடுக்கும் அணி அதை வைக்கவிடாமல் செய்ய வேண்டும், வைத்துவிட்டால் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

ஒரு ரவுண்டில் ஒருமுறை செத்தால் பெரும்பாலும் அந்த ரவுண்டு முடியும்வரை திரும்பி வர முடியாது. அதனால் ஒருவர் பார்த்ததும் கேட்டதும் அவரோடு போய்விடக் கூடாது. எதிராளி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மினிமேப்பில் அணிக்கும் தெரியும். ஆனால் காலடிச் சத்தம், எதிராளியின் மிச்ச உயிர், அவர் ஓடிய திசை, உங்கள் ஊகம் இவையெல்லாம் நீங்கள் வாயைத் திறந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

நேரமும் குறைவு. ஒரு ரவுண்டு 100 விநாடி. ஸ்பைக் வைக்க 4 விநாடி, வைத்த பிறகு வெடிக்க 45 விநாடி, செயலிழக்க வைக்க 7 விநாடி. இந்தக் கணக்கில் 5 விநாடி நீளமாகப் பேசுவதே ஆடம்பரம்.

நல்ல 'கால்' எப்படி இருக்கும்?

அணிக்குச் சொல்லும் தகவலை 'கால்' அல்லது 'கால்அவுட்' என்கிறார்கள். எளிமையான வரிசை இது: இடம், எண்ணிக்கை, யார், எவ்வளவு அடி.

இடம் ஏன் முதலில்? கேட்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை மவுஸைத் திருப்புவது. மற்றது எல்லாம் அதற்கப்புறம். பாதி சொல்லும்போதே நீங்கள் செத்துப் பதறினாலும் "ஹுக்கா" என்ற முதல் சொல் போய்ச் சேர்ந்திருக்கும். "ப்ரோ ஒருத்தன் வந்தான் ப்ரோ..." என்று தொடங்கினால் முக்கியமான சொல் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

'லோ' என்பதற்குப் பதில் எண்ணைச் சொல்லுங்கள். ஹெவி ஷீல்டு போட்டவருக்கு உயிர் 100, ஷீல்டு 50, மொத்தம் 150. வாண்டல் துப்பாக்கியின் ஒரு குண்டு உடம்பில் பட்டால் 40. முழு உயிரோடு இருப்பவரை உடம்பில் சுட்டு வீழ்த்த 4 குண்டு வேண்டும். "ஜெட் 80" என்று நீங்கள் சொன்னால் அவருக்கு மிச்சம் 70, இரண்டு குண்டு போதும். ஒளிந்து நிற்பதா, துணிந்து எட்டிப் பார்ப்பதா என்பதை அந்த ஓர் எண் தீர்மானிக்கும். மனக்கணக்கு தேவையில்லை. செத்தவுடன் திரையோரம் வரும் காம்பாட் ரிப்போர்ட்டில் யாருக்கு எவ்வளவு அடி கொடுத்தீர்கள் என்று இருக்கும். அதைப் பார்த்துப் படித்தால் போதும்.

அடுத்தது, உங்களுக்கு எவ்வளவு உறுதி என்பது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் ஊகித்ததும் ஒன்றல்ல. "ஷவர்ஸ் ஒண்ணு, பார்த்தேன்", "ஷவர்ஸ் சத்தம்", "ஷவர்ஸ்ல இருக்கலாம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். ஊகத்தைப் பார்த்ததுபோல் சொல்லி, மூன்று பேர் அதை நம்பி ஓடினால், எதிரணி மறுபக்கம் நிம்மதியாக ஸ்பைக் வைத்துவிடும்.

காலமும் முக்கியம். 'இருக்கான்' என்பதும் 'இருந்தான்' என்பதும் வேறு வேறு. 10 விநாடிக்கு முன்னால் பார்த்ததை இப்போது சொன்னால் "முன்னாடி லேம்ப்ஸ்ல இருந்தான்" என்று சொல்லுங்கள்.

பலர் மறப்பது இல்லாததைச் சொல்வது. "லேம்ப்ஸ் காலி", "பி லாங்ல யாரும் இல்ல" என்பதும் கால்தான். நான்கு பேர் வேறு எங்கோ கூடியிருக்கிறார்கள் என்று அணிக்குப் புரிய அது உதவும்.

மேப்பில் இடங்களின் பெயர் தெரியாவிட்டால்?

'இங்க', 'அங்க', 'லெஃப்ட்', 'பின்னாடி' எல்லாம் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. உங்கள் இடது பக்கம் எதிரே நிற்கும் நண்பருக்கு வலது பக்கம்.

ஒவ்வொரு மேப்பிலும் இடங்களுக்குப் பெயர் உண்டு. மினிமேப்பில் அவை எப்போதும் தெரியும்படி செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: கேம் வைத்த பெயரும் ஆடுபவர்கள் வைத்த பெயரும் சில இடங்களில் வேறு. பைண்ட் மேப்பில் எல்லோரும் 'ஹுக்கா' என்பதைக் கேம் 'பி விண்டோ' என்கிறது. 'ஷவர்ஸ்' அங்கே 'ஏ பாத்'. இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சந்தேகமாக இருந்தால் மேப்பில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லுங்கள். அது எல்லோர் திரையிலும் இருக்கிறது.

ஒரே நாளில் எல்லா மேப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கஸ்டம் கேம் திறந்து, எதிரி இல்லாத மேப்பில் நடந்துகொண்டே ஒவ்வொரு இடத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதில் தெரிந்த பெயர் பதற்றத்தில் வாய்க்கு வராது. வாய்க்குப் பழகியது வரும்.

மும்பை சர்வரில் எந்த மொழியில் பேசுவது?

இந்தியாவில் இருந்து ஆடும்போது பெரும்பாலும் இணைவது மும்பை சர்வரில். ஒரே அணியில் சென்னைக்காரர், புனேக்காரர், ஹைதராபாத்காரர், குவாஹாட்டிக்காரர் என்று ஐந்து பேர் விழலாம். பேச்சு இந்தியில் தொடங்கினால், இந்தி தெரியாதவர் மைக்கை அணைத்துவிட்டு உட்காருவது வழக்கமாக நடக்கிறது. ஐந்து பேர் அணி அந்த நொடியில் நாலரைப் பேர் அணி ஆகிவிடுகிறது.

உண்மையில் இங்கே தேவைப்படுவது முழு மொழி அல்ல. ஒரு மேப்புக்குப் பதினைந்து இடப்பெயர், ஒன்று முதல் ஐந்து வரை எண், ரொட்டேட், சேவ், காலி, ஹெல்ப், வெயிட் போன்ற பத்துச் சொல். கூட்டினால் 30. இலக்கணம் வேண்டாம், வாக்கியம் வேண்டாம். "ஹுக்கா டூ, ஜெட் எய்ட்டி" என்று சொல்ல இந்தியும் வேண்டாம், சரளமான ஆங்கிலமும் வேண்டாம். இங்கே பொதுமொழி இந்த 30 சொல்தான்.

எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வது பாதுகாப்பு. சென்னைத் தமிழில் "தோ வரான்" என்றால் 'இதோ வருகிறான்'. இந்திக்காரர் காதில் 'தோ' என்பது இரண்டு! ஒருவன் வந்ததை நீங்கள் சொல்ல, அவர் இரண்டு பேரை எதிர்பார்த்து ஒதுங்கிக்கொள்வார். அதேபோல அவர் "இதர் ஹை, இதர் ஹை" என்றால் அது நம் ஊர் "இங்க இருக்கான்" கதைதான். மொழி தெரிந்தாலும் இடம் தெரியாது.

தொழில்முறை அணிகளுக்கும் இந்தச் சவால் உண்டு. இந்தியாவின் குளோபல் ஈஸ்போர்ட்ஸ் அணி 2023-ல் பசிபிக் லீகில் இறங்கியபோது இந்திய வீரர்களோடு தென் கொரியா, பிலிப்பைன்ஸ் வீரர்களும் சேர்ந்து ஆடினார்கள். அங்கே கொச்சையோ இலக்கணமோ யாருக்கும் முக்கியமில்லை. ஒரு சொல்லுக்கு ஐந்து பேரும் ஒரே பொருள் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நண்பர்களோடு ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேங்க் ஆட்டத்தில் தனியாக, இருவராக, மூவராக அல்லது ஐவராகச் சேரலாம். நால்வராகச் சேர அனுமதி இல்லை. மூன்று நண்பர்கள் சேர்ந்தால் முன்பின் தெரியாத இரண்டு பேர் வருவார்கள். அப்போது மூவரும் பார்ட்டி சாட்டில் மட்டும் தமிழில் பேசிக்கொண்டால் அந்த இருவரும் காது கேட்காதவர்கள்போல் ஆடுவார்கள். அரட்டை பார்ட்டி சாட்டில் இருக்கட்டும், கால் டீம் சாட்டில் வரட்டும்.

ரவுண்டில் எப்போது என்ன பேச வேண்டும்?

*தொடங்கும் முன்:* ஆயுதம் வாங்கும் 30 விநாடிதான் திட்டத்துக்கான நேரம். முதல் பேச்சு பணம் பற்றி. வாண்டல் 2,900, ஹெவி ஷீல்டு 1,000, ஆக 3,900 கிரெடிட் வேண்டும். தோற்ற ரவுண்டுக்குக் கிடைப்பது 1,900. தொடர்ந்து தோற்றால் 2,400, பிறகு 2,900. மூன்று பேர் வாங்கி இரண்டு பேர் சேமித்தால் இரண்டும் கெட்ட நிலை. "சேவ் பண்ணலாம், அடுத்த ரவுண்டு எல்லாரும் ஃபுல் பை" என்று ஒருவர் சொன்னால் போதும். துப்பாக்கி வாங்கித்தரச் சொல்லி பை மெனுவிலேயே கேட்கலாம்.

*ஆட்டம் நடக்கும்போது:* தகவல் வேறு, முடிவு வேறு. தகவலை ஐந்து பேரும் சொல்லலாம். முடிவை ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஒருவர் "ரொட்டேட்" என்று கத்த, இன்னொருவர் "போகாத, நில்லு" என்றால், நடுவழியில் நிற்பவர் இரண்டு பக்கமும் உதவ மாட்டார். சுமாரான திட்டமாக இருந்தாலும் ஐந்து பேரும் சேர்ந்து செய்தால், ஆளுக்கொன்றாகச் செய்யும் இரண்டு நல்ல திட்டங்களைவிட மேல்.

உங்கள் ஏஜென்ட்டின் திறனையும் முன்கூட்டியே சொல்லுங்கள். "ஃப்ளாஷ் போடறேன், த்ரீ, டூ, ஒன்" என்று எண்ணினால் நண்பர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வெளிச்சம் அடங்கியதும் உள்ளே போவார். சொல்லாமல் போட்டால் எதிரியோடு சேர்ந்து அவருக்கும் கண் தெரியாது.

*ஸ்பைக் வைத்த பிறகு:* இங்கே கடிகாரம்தான் முக்கியம். வெடிக்க 45 விநாடி, செயலிழக்க வைக்க 7. அதனால் 38-வது விநாடிக்குள் தொடவில்லை என்றால் முடியாது. பாதி, அதாவது 3.5 விநாடி செய்து முடித்தால் அந்தப் பாதி கணக்கில் நிற்கும். விட்டுவிட்டு வந்து மீதியை முடிக்கலாம். அதனால்தான் "ஹாஃப் ஆச்சு" என்பது மிகப் பெரிய தகவல். கடைசித் தொடுதலுக்கு 41.5 விநாடிவரை அவகாசம் கிடைத்துவிடுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுபவர்களுக்கும் இதே கணக்குதான், எண் மட்டும் வேறு: குண்டு வெடிக்க 40 விநாடி, செயலிழக்க வைக்க 10, கிட் இருந்தால் 5. அங்கே "கிட் இருக்கு" என்று சொல்வது 5 விநாடியைக் கையில் கொடுப்பது.

செத்த பிறகு பேசலாமா?

பேச வேண்டும். ஆனால் ஒரு முறை. எங்கிருந்து சுட்டார்கள், எத்தனை பேர், எவ்வளவு அடி என்று சொல்லிவிட்டு மைக்கை விடுங்கள்.

அணியில் கடைசி ஆள் மட்டும் உயிரோடு நிற்கும் நிலைக்கு 'கிளட்ச்' என்று பெயர். செத்த நான்கு பேரும் அவர் திரையைப் பார்த்தபடி "ரைட்ல பாரு", "இல்ல இல்ல, டீஃப்யூஸ் பண்ணு", "ஏன்டா ரீலோட் பண்ற" என்று ஒரே நேரத்தில் வழிகாட்டுவது இங்கேதான். அவருக்கு அப்போது வேண்டியது காலடிச் சத்தம். அதை நீங்கள் மூடிவிடுகிறீர்கள். நீங்கள் பார்ப்பது அவர் திரையைத்தான். அதில் தெரிவது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள்: "லாஸ்ட் ஆள் கார்டன்ல இருந்தான், 60."

விமானத்துறையில் இதற்கு ஒரு விதியே உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981-ல் கொண்டுவந்த 'ஸ்டெரைல் காக்பிட்' விதியின்படி, விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் பறப்பதற்குத் தேவையில்லாத எதையும் பேசக் கூடாது. நெருக்கடியான நேரத்தில் வெட்டிப்பேச்சு கவனத்தைத் திருடும் என்பதுதான் காரணம். கிளட்ச் நேரத்துக்கும் அது பொருந்தும்.

மைக் இல்லாதவர்கள், மைக்கைத் திறக்கத் தயங்குபவர்கள் என்ன செய்வது?

பிங் இருக்கிறது. கீபோர்டில் இஸட் பட்டனைத் தட்டினால் நீங்கள் பார்க்கும் இடத்தில் குறி விழும். அழுத்திப் பிடித்தால் எச்சரிக்கை, உதவி, வருகிறேன் போன்ற தெரிவுகள் வரும். மேப்பைத் திறந்தும் குறி வைக்கலாம். மொழித் தடையே இல்லாத கால் இதுதான். நீங்கள் பேசுபவராக இருந்தாலும் பிங்கோடு சேர்த்துச் சொன்னால் இடப்பெயரில் குழப்பம் வராது.

தயக்கத்துக்கு மொழி மட்டும் காரணமில்லை. குரல் கேட்டதும் "ஏய், பொண்ணுடா" என்று தொடங்கும் கிண்டல் எங்கே போய் முடியும் என்பது ஆடும் பெண்களுக்குத் தெரியும். பலர் மைக்கைத் தொடாமலே ஆடுவதற்குக் காரணம் அது. உச்சரிப்பைக் கேலி செய்வது, ஊரை வைத்துக் கேலி செய்வது, சின்னப் பையன் குரல் என்று விரட்டுவது எல்லாம் இதே வகை. இது நாகரிகம் பற்றிய பேச்சு மட்டுமல்ல, ஆட்டக் கணக்கும்கூட. வாயடைக்கப்பட்டவர் பார்த்த எதிராளி அணிக்குத் தெரியவே போவதில்லை.

எல்லை மீறுபவரை எஸ்கேப் அழுத்தி வரும் மேட்ச் பக்கத்தில் மியூட் செய்யலாம். பிங் மட்டும் வைத்து அவரோடு ஆடி முடிக்கலாம். ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் ரிப்போர்ட் செய்யுங்கள். குரல் உரையாடலில் நடக்கும் அத்துமீறலைக் கண்டறியும் முறையை உருவாக்க ரயட் 2022 ஜூலையில் வட அமெரிக்காவில் ஆங்கில உரையாடல்களைச் சேகரிக்கத் தொடங்கியது. தொடக்கம் ஆங்கிலத்தில்தான். மற்ற மொழிகளில் வரும் வசையைச் சுட்டிக்காட்ட, கேட்டவரின் ரிப்போர்ட் அவசியம்.

அணியில் யாராவது ஒருவர் "விடு ப்ரோ, கேமைப் பாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாலே பல இடங்களில் பேச்சு திசைமாறும். பாதிக்கப்பட்டவரே சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தோற்றுக்கொண்டிருக்கும்போது?

0-5 என்று பின்தங்கியிருக்கும்போது எழும் முதல் கேள்வி: "ஏன் ப்ரோ அங்க போன?" அதற்குப் பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த ரவுண்டுக்குப் பயன்படாது. அதையே "அடுத்த வாட்டி நானும் கூட வரேன், சேர்ந்து போலாம்" என்று சொன்னால் அது திட்டம். போன ரவுண்டைப் பற்றிப் பேசுவதும் வரும் ரவுண்டைப் பற்றிப் பேசுவதும் அதே 30 விநாடியைத்தான் தின்னும். இரண்டுக்கும் நேரம் இல்லை.

பாராட்டும் தகவல்தான். "நைஸ் ட்ரை" என்ற இரண்டு சொல், அடுத்த ரவுண்டில் அவர் மைக்கைத் திறப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கலாம்.

வீட்டில் என்ன ஏற்பாடு வேண்டும்?

விலையுயர்ந்த மைக் தேவையில்லை. மின்விசிறி, குக்கர் விசில், பக்கத்து அறை டிவி உள்ள வீட்டில் மைக் எப்போதும் திறந்திருக்கக் கூடாது. அழுத்தினால் மட்டும் பேசும் 'புஷ் டு டாக்' வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஆடியோ செட்டிங்ஸில் உள்ள லூப்பேக் டெஸ்ட்டில் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் அணியின் குரல் அமுங்கினால் வாய்ஸ் சாட் ஒலியைக் கூட்டுங்கள்.

அடிக்கடி காதில் விழும் சொற்கள்

ரொட்டேட்: ஒரு சைட்டை விட்டு மறு சைட்டுக்குப் போவது.
ட்ரேட்: நம் ஆளைக் கொன்றவரை உடனே கொன்று எண்ணிக்கையைச் சமன் செய்வது.
லர்க்: அணியோடு போகாமல் ஒருவர் மட்டும் மறுபக்கம் பதுங்கி வருவது.
ஃபேக்: ஒரு சைட்டில் சத்தம் காட்டி இன்னொரு சைட்டுக்குப் போவது.
சேவ்: பணத்தை மிச்சம் பிடிப்பது, அல்லது தோற்கும் ரவுண்டில் துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொள்வது.
ஃபோர்ஸ்: பணம் போதாவிட்டாலும் இருப்பதை வைத்து வாங்குவது.
ஐஜிஎல்: ஆட்டத்துக்குள் முடிவெடுக்கும் தலைவர்.

இதெல்லாம் வெறும் கேமுக்குத்தானே?

இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரில் மத்திய அரசு பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்று, விளையாட்டுத்துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து பிரித்து விளையாட்டாக அங்கீகரித்தது. ஆக, அணியாக ஆடும் திறமைக்கு இனி மதிப்பு உண்டு.

இன்று இரவு ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் முயன்று பாருங்கள். 'இங்க' என்ற சொல்லைச் சொல்லாமல் ஒரு மேட்ச் முழுக்க ஆடுங்கள். ஒவ்வொரு முறை அது நாக்கு நுனிக்கு வரும்போதும் இடத்தின் பெயரைத் தேடுவீர்கள். பத்தாவது ரவுண்டில் தேட வேண்டியிருக்காது.